குறையை மரத்தடியில் சொல்லுங்கள்!

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் நாம் பல மேடைகளில் பேசியிருக்கிறோம். இன்று வேறொன்றைப் பேச விழைகிறோம். உடன் வேலை செய்பவரின் வேலையில் ஒரு குறையைக் கண்டால், அதை எப்படிச் சொல்வது? சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால், இதை முறையாகச் செய்யாததால் வேலையை இழந்தவர்கள் உண்டு. ஒரே லயத்தில் குடியிருந்தும் ஆண்டுக்கணக்காக முகம் பாராத குடும்பங்களும் உண்டு.

நம் தொழிலையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி என்பவர், 1890-களில் ஒரு முறையை வகுத்தார். ஒரே வெட்டுக் கோட்டில் பட்டையை மெல்லியதாகச் சீவி வந்தால், அதே மரம் மீண்டும் மீண்டும் பால் தரும் என்பதே அது. நம் பிழைப்பு அந்தச் சீவலில் பிறந்தது. பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், சவ்வை ஒட்டியே மிகுதியாக உள்ளன. உளி மேலோடு போனால் பால் குறையும். மயிரிழை ஆழம் மிஞ்சினால் சவ்வு அறுந்து மரம் காயப்படும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை மேடும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பட்டைக்கு உளி திரும்பும்போது ஒழுங்காக வெட்ட இடமிராது. இன்று ஒருவர் செய்த பிழைக்கு நாளை வெட்டுபவர் வருந்துவார்.

குறை சொல்லுவதும் இத்தகைய வேலைதான். மேலோடு போனால் பயனில்லை; மிஞ்சிப் போனால் ஆறாத காயம்.

வாய் மூடுவது இரக்கமாகுமா?

"பாவம், புது ஆள். சொன்னால் மனம் நோகும்" என்று சிலர் வாய் மூடிக்கொள்கிறார்கள். இந்த இரக்கத்தால் யாருக்கு நன்மை? முதல் நாளே சொன்னால் பத்து மரத்தோடு நிற்கும் பிழை, மாதம் முடிவதற்குள் நிரை முழுதும் பரவிவிடும். பிறகு மரங்களைப் பார்வையிடுகிறவர் காயங்களை எண்ணிக் கணக்கு எழுதுவார். ஒருநாள் கையில் கடிதம் வரும். அப்போதுதான் அந்தத் தொழிலாளிக்குத் தம் குறையே தெரியும். இனிய சொல்லுக்கென்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர்தாம், நண்பன் எல்லை மீறும்போது முன்சென்று இடித்துரைப்பதும் நட்பின் கடமை என்றார். இரண்டையும் ஒருவரே சொன்னதை நாம் மறக்கலாகாது.

பிரட்டில் ஏசுவது திருத்தமாகுமா?

வேறு சிலர் இருக்கிறார்கள். காலைப் பிரட்டில், நூறு பேர் நடுவே, "உனக்கு உளி பிடிக்கத் தெரியுமா? நீயெல்லாம் எதற்கு வந்தாய்?" என்று கத்துவார்கள். கேட்டவர் தலை குனிந்து நிற்பார். அவர் மனத்தில் அவமானம் பதியும்; உளியை எப்படிப் பிடிப்பது என்பது மட்டும் பதியாது. மறுநாள் அச்சத்தில் கை நடுங்கும். மேலும் பத்து மரம் காயப்படும்.

முறை என்ன?

முதலாவது, இடம். குறையை மரத்தடியில் சொல்லுங்கள். அவரும் நீங்களும் மரமும் இருந்தால் போதும்.

இரண்டாவது, ஆளைப் பழிக்காமல் வெட்டைக் காட்டுங்கள். "தம்பி, இந்த இடத்தில் பட்டை கிழிந்திருக்கிறது, பார். உளியைக் கொஞ்சம் தளர்த்திப் பிடி" என்றால் அதில் குறையும் உண்டு, வழியும் உண்டு. நன்றாக வெட்டிய மரம் ஒன்று இருந்தால் அதையும் காட்டுங்கள். மனம் குளிரச் சொல்லும் பொய் வேண்டாம். அவர் கை செய்த நல்ல வேலையே அவருக்குப் பாடமாகட்டும்.

மூன்றாவது, காரணம் கேளுங்கள். இது முக்கியம், தோழர்களே! உளி மழுங்கியிருக்கலாம். தலைவிளக்கு மங்கியிருக்கலாம். ஒரு காலைப்பொழுதில் வெட்டி முடிக்க இயலாத அளவுக்கு மரங்களை ஒதுக்கியிருக்கலாம். அப்படியானால் திருத்த வேண்டியது தொழிலாளியை அல்ல. அந்தக் குறையை நிர்வாகத்திடம் கொண்டுபோவது சங்கத்தின் வேலை. கேளாமல் ஏசுபவருக்கு இந்த உண்மை கிட்டாது.

இன்று நம் நாட்டில் ரப்பர் பெரும்பாலும் சிறுதோட்டக்காரர் கையில் உள்ளது. எஞ்சிய தோட்டங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள் நம்மோடு வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நம் மொழி தெரியாது. ஆனால் கடுமுகம் எம்மொழியிலும் புரியும். உளியை வாங்கி இரண்டு மரம் வெட்டிக் காட்டுங்கள். பிறகு உளியை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் நில்லுங்கள். நம் பாட்டன்மார் தொழில் கற்றதும் அப்படித்தானே!

சட்டமும் சங்கமும்

1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், 14-ஆம் பிரிவில், ஒழுங்கீனத்துக்காக ஒருவரை நீக்குமுன் தக்க விசாரணை வேண்டும் என்கிறது. சம்பளமின்றி வேலையிலிருந்து நிறுத்தி வைத்தாலும் அது இரண்டு வாரத்துக்கு மேற்படலாகாது. அந்தப் பாதுகாப்பை நாம் விடமாட்டோம். ஆனால், விசாரணை மேசைக்கு வந்தபின் சங்கம் பேசும் நூறு சொல்லைவிட, மரத்தடியில் ஒரு தோழர் முன்கூட்டிச் சொல்லும் ஒரு சொல் பல குடும்பங்களைக் காப்பாற்றும்.

இதே நீதி கிளைச் செயலாளருக்கும் மண்டோருக்கும் பொருந்தும். அவர்களிடம் குறை கண்டால் தேநீர்க் கடையில் பேசிக் கலைய வேண்டாம். செயலாளரிடம் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். மண்டோரிடம் தனித்துச் சொல்லுங்கள். தனியே போக அச்சமிருந்தால் கிளைக் குழுவினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கேட்டுக்கொள்ளும் பொறுப்பில் உள்ளவர்களும், சொன்னவரைப் பகைக்காமல், சொன்னதைச் சீர்தூக்க வேண்டும்.

நாளை விடியுமுன் நாம் வெட்டுக்காட்டுக்குப் போவோம். பக்கத்து நிரையில் ஒரு கை தவறுவதைக் கண்டால் கண்டும் காணாததுபோல் கடந்து போகாதீர்கள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, அருகே சென்று, அன்போடு சொல்லுங்கள். மரமும் பிழைக்கும், தோழரும் பிழைப்பார்.