பழங்கதையும் புதுநாவலும்



சிவபெருமானைத் திபேத்தியக் குலத்தலைவனாகிய மானிடனாகச் சித்திரித்த நாவலைக் குறித்து நம்மிற் பலர் முகஞ்சுளிப்பதை அறிவோம். அமிஷ் திரிபாதி என்பார் 2010-ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் நூல் அது. அதன் பிறப்பை ஆராய்தல் வேண்டும். ஜரதுஷ்டிர சமயத்தார்க்கு ‘அஹுர’ என்பது தெய்வநாமம். ‘தேவ’ என்பது தீச்சக்தியின் பெயர். நமக்கோ தலைகீழ்! (இருக்கு வேதத்தில் வருணனுக்கும் அசுரப்பட்டம் உண்டென்பதைப் பண்டிதர்கள் அறிவர்.) அங்ஙனமாயின் தீமைதான் யாது? இவ்வினாவுக்கு விடையாகத் தொடங்கிய தத்துவ நூலே கதையாயிற்று. காசிப் பண்டிதரின் பேரராகிய அவர், பல்லாண்டுகள் தெய்வநம்பிக்கை இழந்திருந்தவர். எழுதுங்காலையில் அது மீண்டதென்கின்றார். அவர் நடை நமக்கு உவப்பன்று. ஆயினும் புராணம் வாசிக்குந் திண்ணைகள் நம்மனைகளில் ஒழிந்தபின், பிள்ளைகள் தாமே விரும்பியெடுத்த நூலைப் பறிப்பானேன்? அடுத்த கூட்டத்தில் அவர்களையே பேசவிடுவோம்.