இரும்புக் கரையில் வெளிறிய பிச்சி

கடற்கரை ஊரான மணவாளக்குறிச்சியில் ஒரு வீட்டு முற்றத்துப் பிச்சிக்கொடி. "எவ்வளவோ உரம் போட்டாச்சு, இலை மஞ்சளாவே நிக்குது" என்று அந்த வீட்டு அக்கா வருத்தப்பட்டார்.

எந்த இலை மஞ்சள் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுதாக வெளிறினால், பெரும்பாலும் தழைச்சத்து போதவில்லை. இங்கே வெளிறியது கொழுந்து. நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக, வலை பின்னியதுபோல் நின்றன. இது இரும்புச்சத்துக் குறை.

இத்தனைக்கும் இந்த ஊர்க் கருமணலில் உள்ள இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது! ஆனால் அது தண்ணீரில் கரையாது, வேருக்குக் கிடைக்காது. சிப்பிச் சுண்ணாம்பு கலந்த மண்ணோ, கரையக்கூடிய இரும்பையும் கட்டிப்போட்டுவிடும்.

லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைமேல் தெளியுங்கள். மாதம் ஒருமுறை, பச்சை திரும்பும்வரை.

சத்துக்குறை போக, பூச்சித் தொல்லையும் இருக்கலாம். மொட்டு ஊதா நிறமாகி ஓட்டை விழுந்திருந்தால், அது மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்து அழித்துவிடுங்கள். மருந்துக் கடைக்குப் போகுமுன் இலையைத் திருப்பியும் பாருங்கள். நூலாம்படைபோல் மெல்லிய வலையும், ஊர்ந்து நகரும் சிவப்புப் புள்ளிகளும் தெரிந்தால் செஞ்சிலந்தி. இலையின் அடிப்பக்கம் நனையத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், நன்றாகக் குறையும்.