ரோபோ குழுவுக்கு யாரை அழைப்பது?

(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



"ரோபோ குழுவில் சேர யாருக்கு விருப்பம்?" என்று காலை வணக்கக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். கணக்கிலும் அறிவியலிலும் முதல் மதிப்பெண் வாங்கும் நான்கைந்து பையன்கள் வந்து நிற்பார்கள். கடைசி வரிசை தலை நிமிராது. மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அதனால் நான் 'ரோபோ' என்ற சொல்லை முதலில் எடுப்பதே இல்லை. வேலைகளைச் சொல்லிக் கேட்கிறேன். கழன்ற சைக்கிள் செயினை மாட்டத் தெரிந்தவர் யார்? கூட்டத்தில் கூச்சமில்லாமல் பேசுபவர் யார்? நடந்ததை நடந்தபடி நோட்டில் எழுதுபவர் யார்? இப்போது எழும் கைகளே வேறு.

இது சலுகை அல்ல; குழுவுக்குத் தேவை. 'பர்ஸ்ட் லெகோ லீக்' போட்டியையே பாருங்கள். ஒரு குழுவில் 10 பேர் வரை இருக்கலாம். களத்தில் ரோபோ ஓடுவது இரண்டரை நிமிடம். அந்த ஓட்டம், ரோபோ வடிவமைப்பு, ஒரு பிரச்சினைக்குத் தீர்வு காணும் திட்டம், குழுவாக நடந்துகொள்ளும் விதம் என்று நான்கையும் மதிப்பிடுகிறார்கள். பின்னவை இரண்டும் திருப்புளி பிடித்து வருவதில்லை. அந்த இரண்டரை நிமிடத்திலும் எந்தப் பணியைச் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுக்க ஆள் வேண்டும். 30 விநாடி ரெய்டில் தொடுவதா திரும்புவதா என்று பழகிய கபடி மாணவி அதற்குப் பொருத்தமானவர். சின்னப் பல்சக்கரம் பெரியதைச் சுற்றினால் வேகம் குறைந்து இழுவை கூடும் என்பதைச் சைக்கிள் கடைக்காரர் மகனுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. சேர்த்துவிட்டு, "உனக்குக் கையெழுத்து அழகு, நீ சார்ட் எழுது" என்று விட்டுவிடாதீர்கள். மூன்றாவது வாரம் மாணவிகள் எல்லாரும் சார்ட்டிலும் பையன்கள் எல்லாரும் மோட்டாரிலும் இருப்பார்கள். முதல் மாதம் எல்லாரும் எல்லா வேலையும் செய்யட்டும். பிறகு அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

எங்கள் குழுவில் குறிப்பெழுத வந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர். எங்களிடம் இருந்தது ஓர் அர்டுயினோ பலகையும் இரண்டு மோட்டார்களும்தான். வண்டி சரியாகத் திரும்பவில்லை. பையன்கள் நிரலில் விநாடிகளைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் நோட்டைக் காட்டினார்: காலையில் சரியாகத் திரும்பிய வண்டி, ஓட ஓடக் குறைவாகவே திரும்புகிறது, பேட்டரி மாற்றினால் மறுபடி சரியாகிறது. பேட்டரி இறங்க இறங்க மோட்டாரின் வேகம் குறையும், அதே விநாடியில் சக்கரம் குறைவாகச் சுழலும். நேரத்தை விட்டுவிட்டுச் சக்கரச் சுற்றுகளை எண்ணும் உணரியைப் பொருத்தினோம். இப்போது நிரல் எழுதுவது அவர்தான்.

இன்னொன்று, இது சின்ன விஷயமில்லை. குழுவை மாலை ஐந்தரை வரை வைத்தால், பேருந்தில் வரும் மாணவிகளும் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் தானாகவே நின்றுவிடுவார்கள். தலைமையாசிரியரிடம் பேசி, பள்ளி நேரத்துக்குள்ளேயே வாரம் இரண்டு பாடவேளை வாங்கிவிடுங்கள்.