கிராணியின் கையெழுத்து



'பழைய தாள்கள்: பொக்கிஷமா, குப்பையா?' என்பது இன்றைய தலைப்பு. இதற்குப் பதில் சொல்ல ஓர் அமெரிக்கக் கவிஞரைத் துணைக்கு அழைத்து வந்திருக்கிறேன். பெயர் வால்ட் விட்மன். 1819இல் பிறந்து 1892இல் மறைந்தவர். 'புல்லின் இதழ்கள்' என்ற கவிதைத் தொகுதியை 1855ஆம் ஆண்டு சொந்தச் செலவில் வெளியிட்டவர். நம் பாரதியார் அவரைப் பற்றிக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். ந. பிச்சமூர்த்தி புதுக்கவிதைப் பக்கம் வந்ததற்கு அந்தத் தொகுதி ஒரு தூண்டுதல். ஆகவே தமிழ் வாசகர்களுக்கு அவர் அந்நியர் அல்லர்.

ஆனால் நான் பேச வந்தது கவிஞர் விட்மனைப் பற்றி அல்ல. கிராணி விட்மனைப் பற்றி!

ஆமாம், அவர் அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக வேலை பார்த்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவருடைய தம்பி ஜார்ஜ் காயம் அடைந்தார். அந்தச் செய்தி கேட்டு 1862 டிசம்பரில் தம்பியைத் தேடிப் போனார் விட்மன். தம்பிக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அங்கே கிடந்த மற்ற வீரர்களைப் பார்த்தபின் வீடு திரும்ப மனம் வரவில்லை. வாஷிங்டனில் தங்கிவிட்டார். இராணுவச் சம்பள அலுவலகத்தில் சில மணி நேரம் நகல் எழுதும் வேலை. மீதி நேரம் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குத் துணை. பழம், புகையிலை, தபால்தலை என்று சின்னச் சின்னப் பொருள்களை வாங்கிக்கொண்டு போவார். எழுத முடியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்.

1865 ஜனவரியில் செவ்விந்தியர் விவகார அலுவலகத்தில் நிலையான கிராணி வேலை கிடைத்தது. ஆண்டுக்கு 1,200 டாலர் சம்பளம். ஐந்தே மாதம்தான். புதிதாகப் பதவிக்கு வந்த அமைச்சர் ஜேம்ஸ் ஹார்லன், ஜூன் 30ஆம் தேதி அவரை வேலையிலிருந்து நீக்கினார். காரணம், விட்மனின் மேசையில் இருந்த ஒரு புத்தகம். அது 1860இல் வெளிவந்த 'புல்லின் இதழ்கள்' பதிப்பு. அடுத்த பதிப்புக்காக விட்மன் அதில் தம் கையால் திருத்தங்கள் எழுதி வைத்திருந்தார். அமைச்சருக்கு அது ஒழுக்கக்கேடான நூலாகப் பட்டது.

அந்தப் பிரதி இன்று எங்கே தெரியுமா? நியூயார்க் பொது நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. வேலையைப் பறித்த புத்தகத்தைப் பார்க்க இன்று ஆய்வாளர்கள் பயணம் செய்து வருகிறார்கள். காலம் செய்யும் வேடிக்கையைப் பாருங்கள்!

நண்பர்கள் கைகொடுத்ததால் மறுநாளே அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் விட்மனுக்கு வேறு வேலை கிடைத்தது. அங்கே என்ன வேலை? அப்போது அலுவலகங்களில் தட்டச்சுப் பொறி கிடையாது. வெளியே அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல் வேண்டும். தடித்த பேரேடுகளில் கிராணிகள் அதைக் கையால் எழுதி வைப்பார்கள். மேலதிகாரி சொன்னதை எழுத வேண்டும். கீழே தம் பெயரைப் போடக்கூடாது. நாளை யாராவது புரட்டிப் பார்த்தால், எழுதிய கை எவருடையது என்று தெரியாது.

அந்தப் பேரேடுகள் அரசாங்க ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கவிஞரின் நூல்களை ஆராய்ந்தவர்கள் பலர். கிராணியின் பேரேட்டைப் புரட்டியவர்கள் மிகச் சிலரே. நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் பிரைஸ் பொறுமையோடு பக்கம் பக்கமாகப் பார்த்தார். விட்மனின் கையெழுத்து அவருக்கு நன்றாகப் பழக்கம். அதை மட்டுமே வைத்து அடையாளம் கண்டார். கிட்டத்தட்ட 3,000 ஆவணங்கள்! 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் காப்பகம் இதை அறிவித்தது.

நேயர்களே, இங்கே ஒரு கேள்வி எழும். "அவர் வெறும் நகல் எடுத்தவர்தானே? அடுத்தவர் சொற்களை எழுதியதற்கு இவ்வளவு மதிப்பா?"

நியாயமான கேள்விதான். அந்தக் கடிதங்களை விட்மனின் படைப்பு என்று சொல்லக்கூடாது, அது பொய்யாகிவிடும். ஆனால் அவர் நகல் எடுத்தது எந்தக் காலத்தில் என்று பாருங்கள். போர் முடிந்து, அடிமைகளாக இருந்தவர்கள் விடுதலை பெற்ற காலம். குடியுரிமை யாருக்கு, வாக்குரிமை யாருக்கு என்று நாடே வாதாடிய காலம். தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைத் தாக்கிய கூ கிளக்ஸ் கிளான் கும்பல் பற்றியும், கிளர்ச்சித் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் மீதான தேசத்துரோக வழக்கு பற்றியும் அந்த மேசைகள் வழியாகத்தான் கடிதங்கள் போயின. ஒரு நாடு தன்னைச் சீர்ப்படுத்திக்கொள்ளத் திணறியதை அவர் வரிவரியாகத் தம் கையால் எழுதியிருக்கிறார்.

அதே ஆண்டுகளில் அவர் எழுதியவை என்ன? 1867இல் 'புல்லின் இதழ்கள்' நூலின் புதிய பதிப்பு வந்தது. 1871இல் அமெரிக்க ஜனநாயகத்தைக் கடுமையாக விமர்சிக்கும் உரைநடை நூல் வந்தது. கிராணி வேலை கவிஞரைத் தின்றுவிட்டது என்று அனுதாபப்படுகிறோமே, அது எவ்வளவு தூரம் சரி? காலையில் படியெடுத்த செய்தி, இரவில் மனத்தை விட்டுப் போயிருக்குமா?

மற்றவர் எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுதான் என் தொழிலும். திரையில் ஓடும் வரிகள் என்னுடையவை அல்ல. ஆனாலும் வாசித்த செய்தி எதுவும் ஒட்டாமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. அதனால்தான் இதைத் துணிந்து சொல்கிறேன்.

சரி, தாள்களின் கதைக்கு வருவோம். விட்மனின் நண்பர் தாமஸ் ஹார்னட், கவிஞரின் குறிப்பேடுகளை 1918இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது. பாதுகாப்புக்காக 1942இல் அவற்றைப் பெட்டியில் கட்டி வெளியூருக்கு அனுப்பினார்கள். 1944இல் திரும்பி வந்த பெட்டியைத் திறந்தால் பத்துக் குறிப்பேடுகளைக் காணோம்! 1995இல் நியூயார்க் ஏல நிறுவனம் ஒன்றுக்கு வந்து சேர்ந்த நான்கு மட்டும் நூலகத்துக்குத் திரும்பின.

பொக்கிஷம் என்று பூட்டி அனுப்பியது காணாமல் போனது. யாரும் சீண்டாத அலுவலகப் பேரேடு தப்பித்துக்கொண்டது. எது பிழைக்கும், எது அழியும் என்று முன்கூட்டியே சொல்ல நம்மால் முடியாது.

இன்னும் ஒரே ஒரு தாளைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். 1866 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. போர் முடிந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. விட்மனுக்கு விடுமுறை நாள். அன்றும் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அங்கே ராபர்ட் ஜாபோ என்ற வீரர் காசநோயோடு படுத்திருந்தார். நெடுநாளாக வீட்டுக்குக் கடிதம் போடாததற்குக் காரணத்தையும், தம் உடல்நிலையையும் மனைவிக்குச் சொல்ல வேண்டும். விட்மன் எழுதிக் கொடுத்தார். கடைசியில், எழுதியது வால்ட் விட்மன் என்றும், தாம் ஒரு நண்பர் என்றும் குறித்தார். அலுவலகப் பேரேட்டில் பெயர் போடாதவர், ஏழை வீரரின் கடிதத்தில் தம் பெயரை எழுதினார்.

ஜாபோ பிழைக்கவில்லை. விதவை உதவித்தொகை வேண்டுமானால் மனைவி அரசாங்கத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். அந்தக் கடிதம் உதவித்தொகைக் கோப்பில் போய்ச் சேர்ந்தது. 2016ஆம் ஆண்டு ஆவணக் காப்பகத் தொண்டூழியர் ஒருவர் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது கண்ணில் பட்டது. 150 ஆண்டுகள் அது காப்பாற்றப்பட்டது விட்மனின் புகழால் அல்ல. கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு அது தேவைப்பட்டது. ஒரு கிராணி அதைத் தூக்கி எறியாமல் கோப்பில் கட்டி வைத்தார். அவ்வளவுதான்.

எனவே என் கட்சி இதுதான். தாளின் மதிப்பை எழுதியவரின் புகழை வைத்து மட்டும் எடை போடாதீர்கள். இன்று குப்பையாகத் தெரிவது யாருக்குச் சான்றாகும் என்று நமக்குத் தெரியாது. வீட்டில் பழைய கடிதக் கட்டு இருந்தால், அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒரு முறை பிரித்துப் படியுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, யார் யாருக்கு எழுதியது, எந்த ஆண்டு என்று பென்சிலால் ஓரத்தில் குறித்து வையுங்கள். கேட்டால் சொல்ல அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.