பழைய பாரமானியின் வயது

சிவாஜிநகரிலுள்ள வானிலை அலுவலகத்தைப் புனே மக்கள் ‘சிம்லா ஆபீஸ்’ என்பர். 1928-இல் வானிலைத் துறையின் தலைமையகம் சிம்லாவினின்று இங்கு பெயர்ந்ததன் நினைவு அது. ஆகவே, காற்றின் அழுத்தத்தை அளக்கும் பாரமானி இந்நகருக்குப் பழகிய கருவியே. ஆனால் பழம்பொருள் வணிகர் ஒருவர், பொன்முலாம் பூசிய பிரெஞ்சுப் பாரமானியொன்றைக் காட்டி, “பதினாறாம் லூயி மன்னர் காலத்தது” என்று பெருவிலை கூறினால், அதன் உண்மையை எங்ஙனம் அறிவது?

முதலிற் பெயரைப் பார்க்க வேண்டும். முகப்பில் ‘டாரிசெல்லியின் முறைப்படி’ என்று பிரெஞ்சு மொழியில் எழுதியிருப்பதுண்டு. டாரிசெல்லி அதனைச் செய்தவர் அல்லர். 1643-இல் பாதரசக் குழாயின் தத்துவத்தை வகுத்த இத்தாலிய அறிஞர். வேறு பெயர் காணப்படினும், அது விற்ற கடைக்காரரின் பெயராகவும் இருக்கலாம்.

அடுத்தது அளவுகோல். பழைய பிரெஞ்சு அங்குலம் ஏறத்தாழ 27 மில்லிமீட்டர். மீட்டர் அளவை 1795-இல் சட்டமாயிற்று. 1840 முதல் கட்டாயமாயிற்று. பழக்கம் பற்றிச் சிலர் பின்னரும் அங்குலத்தையே பொறித்திருக்கலாம். ஆனால் மில்லிமீட்டர் பொறித்த முகப்பு, 1792-இல் ஆட்சியிழந்த மன்னர் காலத்ததாக இருத்தல் இயலாது.

மூன்றாவது உள்ளமைப்பு. பாதரசமின்றி, காற்று நீக்கிய உலோகப் பேழையால் இயங்கும் கருவிக்கு லூசியன் விடி என்பவர் 1844-இல் காப்புரிமை பெற்றார். அப்பேழை உள்ளேயிருப்பின், கருவி பிற்காலத்தது. அல்லது பழைய சட்டத்தினுள் புதிய இயக்கம் பொருத்தப்பட்டது. செதுக்குவேலை மட்டும் சான்றாகாது. பதினாறாம் லூயி காலப் பாணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டினரும் விரும்பிப் பின்பற்றினர்.

புனேயில் வாழ்வோர் இன்னொன்றையும் நினைவிற் கொள்ளல் நன்று. ‘மாறும் வானிலை’ என்னும் சொல் பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 758 மில்லிமீட்டருக்கு நேராக அமையும். கடல்மட்டத்துக்குச் சுமார் 560 மீட்டர் மேலுள்ள இந்நகரிலோ அழுத்தம் ஏறத்தாழ 710 மில்லிமீட்டர்தான். தாழ்நிலத்துக்கென அமைந்த கருவியின் முள், தெளிந்த வானத்தின் கீழும் ‘புயல்’ என்பதைக் கடந்து நிற்கும். அதைப் பழுதென்று கருதி உள்ளமைப்பை மாற்றிவிட்டால், வயதைக் கூறும் தலைசிறந்த சாட்சி அழிந்துவிடும். முள்ளை ஊருக்கேற்பத் திருத்துவிப்பதே முறை. பாதரசக் கருவியாயின், அதைப் படுக்க வைத்தலும் வல்லுநரன்றிப் பிறர் திறத்தலும் ஆகா. சிந்தும் பாதரசத்தின் ஆவி நஞ்சாகும்.

பெயர், அளவுகோல், உள்ளமைப்பு ஆகிய மூன்றும் ஒரே காலத்தைச் சுட்டினால் வணிகர் சொல்லை ஏற்கலாம். ஒன்று முரண்படினும், பொன்முலாமுக்குரிய விலையைக் கொடுக்கலாமேயன்றி, மன்னர் காலத்துக்குரிய விலையைக் கொடுத்தல் தகாது.