கணிப்பொறியில் மறைந்துழைக்கும் ஏவலர்

(நமது சங்கத்து மாணவர் விடுதி வாசகசாலையில், பொதுக்கூட்டத்திற்கு முன் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று மாலை ஆலோசனைக்கு வரவிருக்கும் விஷயங்களுள், இவ்வாசகசாலையிலுள்ள கணிப்பொறிகள் ஆறினையும் நீக்கிவிட்டுப் புதியன வாங்குதல் வேண்டும் என்னும் தீர்மானமும் ஒன்று. அதற்கு வேண்டிய பொருள் மாணவர் புத்தக நிதியினின்றும் எடுக்கப்படும் என அறிகிறேன். பொறிகள் மந்தமாய்விட்டன என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். அம்மந்தம் எதனால் நேர்ந்தது என்பதை ஒருவரும் வினவியதாகத் தெரியவில்லை. இரண்டாண்டுகளாக அதனை வினவி வருபவன் என்ற முறையிலும், அவற்றுள் ஒன்றை என் அவசரத்தால் கெடுத்தவன் என்ற முறையிலும் சில கூற அநுமதி வேண்டுகிறேன்.

2023-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஓரிரவு, உதவிச் சம்பளத்திற்கு விண்ணப்பஞ் செய்தற்குரிய கடைசி நாளன்று, நமது விடுதி மாணவர் ஒருவர் என்னிடம் ஓடிவந்து, "ஐயா, பெட்டி நகரவே மாட்டேன் என்கிறது, அச்சடித்த சொல் திரையில் வர அரை நிமிஷம் ஆகிறது" என்றார். யான் யாதொன்றும் ஆராயாமல் பொறியை மறுபடி துவக்கினேன். 'புதுப்பித்தல் நடைபெறுகிறது, அணைக்க வேண்டா' என்னும் எச்சரிக்கை தோன்றி, எண் முப்பதில் நின்று அசையவில்லை. கால்மணி நேரம் பொறுத்தேன். பின்னர்ப் பொறுமையிழந்து மின்விசையை அழுத்திப் பிடித்து அணைத்தேன். அதன்பின் அப்பொறி, செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாகக் கூறிக்கொண்டு நள்ளிரவு கடந்தும் சுழன்றுகொண்டிருந்தது. அப்பிள்ளை சைக்கிளில் கடைவீதிக்குச் சென்று, மூடவிருந்த ஒரு கடையில் பதினொன்றே முக்கால் மணிக்கு விண்ணப்பத்தை அனுப்பினார். என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறினாரல்லர். அது எனக்குப் பெரிதும் உறுத்தலாயிற்று.

மறுநாள் வந்த பழுதுபார்ப்பவர், "பழைய பெட்டி, ஐயா, புதிது வாங்கிவிடுங்கள்" என்று சொல்லி, வைரஸ் தடுப்பு நிரல்கள் இரண்டினைச் சேர்த்து நிறுவி, கூலியும் பெற்றுச் சென்றார். பொறி முன்னினும் மந்தமாயிற்று. அப்பொழுதுதான் யானே கற்கத் தொடங்கினேன்.

நாம் திரையிற் காணும் நிரல்கள் சில. நாம் காணாதபடி பின்னே நின்று உழைப்பன நூற்றுக்கு மேற்பட்டவை. 1963-ஆம் ஆண்டில், அமெரிக்க தேசத்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 7094 என்னும் பெரும்பொறியைக் கையாண்டோர், ஏவாமலே தம் கடமையைச் செய்யும் இத்தகைய நிரல்களுக்கு 'டெமன்' என்று பேரிட்டனர். மாக்ஸ்வெல் என்னும் பௌதிக சாஸ்திரி தம் ஆராய்ச்சிக்குக் கற்பனை செய்துகொண்ட, மூலக்கூறுகளை ஓயாது பிரித்துக்கொண்டிருக்கும் சிறு பூதமே அப்பெயருக்கு மூலம். வேலை கொடாவிடில் எசமானனையே விழுங்க வரும் பூதத்தின் கதையை நாமும் பாட்டிமாரிடம் கேட்டிருக்கிறோம். ஆனால் இப்பூதங்கள் வேலையைத் தாமே தேடிக்கொள்கின்றன; அதுதான் தொல்லை.

விண்டோஸ் பொறியில் இவற்றைக் காண்பதற்குக் கண்டிரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மானேஜர்' என்னும் பட்டியல் திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்னும் மூன்று நிரைகளின் தலைப்பிலும் ஒவ்வொரு விழுக்காடு காட்டப்படும். எந்நிரை நூற்றை நெருங்கி நிற்கிறதோ அங்கேதான் நெருக்கடி. தலைப்பைச் சொடுக்கினால் மிகுதியாய் உண்பவன் மேலே வருவான். ஈண்டு ஓர் எச்சரிக்கை. நண்பரொருவர் 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' என்னும் பெயருக்கெதிரே தொண்ணூற்றைந்து என்றிருப்பதைக் கண்டு, திருடன் அகப்பட்டான் என்று அதனை ஒழிக்க முயன்றார்! அது வேலையின்றிச் சும்மாயிருக்கும் பொழுதின் கணக்கு. அவ்வெண் உயர உயரப் பொறி ஓய்ந்திருக்கிறது என்று கொள்க.

'எஸ்வி ஹோஸ்ட்' என்னும் பெயர் பட்டியலில் ஐம்பது அறுபது தடவை வருவதைக் கண்டும் அஞ்சுவார் உளர். அது தன்னளவில் ஒரு தொழிலும் செய்வதன்று. பல சேவைகளுக்குக் குடியிருப்பளிக்கும் சத்திரம். முன்னர் ஒரு சத்திரத்திற் பலர் தங்கினர். 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், மெமரி மூன்றரை ஜிகாபைட்டிற்கு மேலுள்ள பொறிகளில் பெரும்பாலும் ஒவ்வொருவர்க்கும் தனி அறை தரப்பட்டது. அதனாலேயே எண்ணிக்கை பெருகிற்று. ஆயின் அப்பெயரைத் தரித்துக் கள்ள நிரல்கள் புகுதலும் உண்டு. ஐயமுற்றால், அந்நிரலின் இருப்பிடத்தைத் திறந்து, விண்டோஸ் அடைவிலுள்ள 'சிஸ்டம்32' என்னுமிடத்தில் இருக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும்.

நிற்க. நமது பொறிகளில் யான் கண்டது யாது? சிபியு பத்து விழுக்காடும் இல்லை. டிஸ்க் மாத்திரம் நூறு. ஆறு பொறிகளிலும் உள்ளவை சுழலும் தட்டுகள். நிமிஷத்திற்கு 5400 சுற்றுச் சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 11 மில்லி செகண்டு வேண்டும். வேண்டிய இடத்தைத் தேடி ஊசிமுனை நகர்தலும் சேர, சிதறிக்கிடக்கும் செய்திகளைக் கேட்டால் ஒரு செகண்டில் நூறு வேண்டுதல்களுக்கேனும் விடையளித்தல் அதற்கு அரிது. இந்நிலையில், கோப்புகளுக்கு அகராதி எழுதும் தேடற்சேவை, வைரஸ் தடுப்பு, புதுப்பித்தலை நிறுவும் சேவை, அடிக்கடி வேண்டப்படும் நிரல்களை முன்கூட்டியே மெமரியில் ஏற்றிவைக்கும் 'சிஸ்மெயின்' ஆகிய நால்வரும் ஏககாலத்தில் அத்தட்டினைக் கேட்டால், ஒரே குழாயடியில் நான்கு தெருவாரும் குடம் வைத்தாற்போலத்தான். மெமரியோ நான்கு ஜிகாபைட். உலவியில் பத்துப் பக்கம் திறந்தால் அதுவும் நிரம்பி, மிகுந்ததைப் பொறி அதே தட்டில் எழுதி எழுதி எடுக்கும். சொற்கள் அரை நிமிஷம் தாமதித்தது இதனால். எண் முப்பதில் நின்ற புதுப்பித்தலும் நின்றுவிடவில்லை, ஊர்ந்துகொண்டிருந்தது என்பதை யான் அறிந்தபோது வெட்கமுற்றேன்.

இவற்றை ஒழித்துவிடலாமே எனின், அது தகாது. புதுப்பித்தலை அடியோடு நிறுத்திய பொறி, காவலற்ற வீடு. வைரஸ் தடுப்பு இரண்டிருந்தால் ஒன்றனை நீக்குக. விண்டோஸிலேயே அமைந்த டிபெண்டர் இருக்க இரண்டுமே வேண்டுவதில்லை. யான் இரண்டையும் நீக்கினேன். டிபெண்டர் தானே விழித்துக்கொண்டது. அது குறித்த வேளையிற் செய்யும் சோதனை, சராசரியாகச் சிபியுவின் பாதிக்கு மேல் உண்ணாதபடி இயல்பிலேயே வரையறுக்கப்பட்டிருக்கிறது. புதுப்பித்தலுக்கோ, 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்னுமிடத்தில் மாணவர் பயிலும் நேரத்தைக் குறித்துவிட்டால், அந்நேரத்தில் பொறி தானாக மறுதுவக்கஞ் செய்யாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பொறிகளையும் இயக்கிவிட்டு, எவரும் தொடாமல் மதியம்வரை விட்டுவைத்தலையும் வழக்கமாக்கினேன்; ஏவலர் தம் பாக்கி வேலையை அப்பொழுது முடித்துக்கொள்கின்றனர்.

துவக்கத்தில் தாமே எழுந்து வரும் நிரல்களை 'ஸ்டார்ட்டப்' என்னும் பக்கத்தில் காணலாம். அரட்டை நிரல், பாட்டு நிரல், அச்சுப்பொறியின் விளம்பர நிரல் எனப் பதினான்கு இருந்தன; மூன்றினை வைத்து ஏனையவற்றைத் தடுத்தேன். உலவியைச் சாத்திய பின்னும் அதன் துணைநிரல்கள் பின்னே நின்று உழைக்கும். அதற்கும் அதன் அமைப்பில் தடையுண்டு.

பலரும் அறியாத விஷயம் ஒன்று. நாள்தோறும் பொறியை அணைக்கிறோமே, களைப்பு நீங்காதா என்பர். 'பாஸ்ட் ஸ்டார்ட்டப்' அமைந்த பொறியில், அணைத்தல் என்பது முழு ஓய்வன்று. உள்ளுறை பாகத்தையும் சேவைகளையும் இருந்த நிலையிலேயே தட்டில் எழுதிவைத்து, மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்கிறது. எனவே கோளாறுற்ற சேவை கோளாற்றுடனேயே மறுநாளும் எழும். 'ரீஸ்டார்ட்' என்பதே புதிதாகத் துவக்குவது. வாரம் ஒருமுறை அதனைச் செய்க. புதுப்பித்தல் நடக்கும்போது மாத்திரம், என்னைப்போல், கை வைக்கற்க.

இவ்வளவு செய்தும் தட்டின் மந்தம் முழுதும் தீராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டு என் சொந்தச் செலவில் ஒரு பொறிக்கு மட்டும், சுழலும் தட்டிற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றும், மேலும் நான்கு ஜிகாபைட் மெமரியும் சேர்த்தேன். வாயிலோரத்தில் இருப்பது அது. துவங்க நான்கு நிமிஷமானது, இப்பொழுது அரை நிமிஷத்திற்குள் துவங்குகிறது. மாணவர் அதன்முன் வரிசையில் நிற்பதைத் தாங்களே காணலாம்.

மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். விண்டோஸ் 10-க்கு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியுடன் பொதுவான ஆதரவு முடிவுற்றது. பதினொன்றாம் பதிப்பிற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், அங்கீகரிக்கப்பட்ட பிராசஸரும் வேண்டும். நமது ஆறில் நான்கு அத்தகுதியுடையன, சோதித்துப் பார்த்தேன். மற்றிரண்டும் அல்ல. அவ்விரண்டிலும் லினக்ஸ் நிறுவித் தமிழ்த் தட்டச்சுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு விலையில்லை.

ஆதலின், நான்கு பொறிகளுள் எஞ்சிய மூன்றிற்கு எஸ்.எஸ்.டி.யும் மெமரியும் வாங்கும் அளவிற்கு மட்டும் பொருள் ஒதுக்கி, புத்தக நிதியின் மிச்சத்தை அவ்விதமே விட்டுவைக்குமாறு, தீர்மானத்திற்கு ஒரு திருத்தம் எழுதிக் காரியதரிசி அவர்களிடம் தந்திருக்கிறேன். விலைப்பட்டியல் அதனுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. வாக்கெடுப்பிற்கு முன் வாயிலோரத்துப் பொறியையும், அதனையடுத்த பொறியையும் ஒருங்கே இயக்கிப் பார்க்குமாறு சபையோரைக் கேட்டுக்கொள்கிறேன்.