கறுப்பு கறுப்பாகத் தெரிகிறதா?



பாளையங்கோட்டையில் என் டிவி ரிப்பேர் பட்டறைக்குப் போன மாதம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வந்தார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து மேஜையில் விரித்தார். நாலு கடை ஏறி இறங்கிக் குறித்து வந்த கணக்கு. 4கே, எச்டிஆர், க்யூஎல்இடி, 43 இஞ்ச், 55 இஞ்ச் என்று டிக்கெட் கட்டண அட்டவணை மாதிரி கட்டம் போட்டு எழுதியிருந்தார்.

“அண்ணாச்சி, முப்பதாயிரம் ரூவா வச்சிருக்கேன். அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. இதுல எதை வாங்கட்டும்?”

“கடையில ராத்திரி சீன் ஏதாவது போட்டுப் பாத்தியளா?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பகல்லதான போனேன்” என்றார்.

சிரிக்காதீர்கள். கடைக்குப் போகிற நூறு பேரில் ஒருவர்கூட இருட்டைப் பார்ப்பதில்லை. கிளி, மாம்பழம், கடல், பூந்தோட்டம் என்று கடைக்காரர் ஓட விடுகிற படத்தைப் பார்த்துவிட்டு, “கலர் சூப்பரா இருக்கு” என்று பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துப் படம் பார்க்கும்போதுதான் தெரிகிறது, நடு ராத்திரி வானம் சாம்பல் பூசிய மாதிரி இருக்கிறது என்று.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது ரூபவாஹினி காலத்தில். சென்னையில் 1975-லேயே தூர்தர்ஷன் வந்துவிட்டாலும் அந்த அலைவரிசை எங்கள் ஊருக்கு எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் கடலோர ஊர்களில் எல்லாம் மொட்டைமாடியில் உயரமாகக் கம்பம் நட்டு, பூஸ்டர் போட்டுப் பிடித்தோம். ஒருவன் மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து இன்னொருவன் “தெரியுது, தெரியுது, ஐயோ போச்சு” என்று கத்துவான். படத்தில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தப் பழைய பிக்சர் டியூபில் கறுப்பு கறுப்பாக இருந்தது. எலெக்ட்ரான் கதிர் படாத இடத்தில் வெளிச்சமே பிறக்காது. அதனால் இருட்டு இருட்டாகவே இருந்தது.

இன்றைக்கு நாம் எல்இடி டிவி என்று சொல்வது உண்மையில் எல்சிடி டிவிதான். எல்இடி என்பது அதன் முதுகுக்குப் பின்னால் எரிகிற விளக்கின் பெயர். கம்பளியை விரித்து, செட்டைக் குப்புறப் போட்டு, பின்மூடியையும் போர்டுகளையும் கழற்றிவிட்டு உள்ளே போனால் அலுமினியப் பட்டைகள் வரிசையாகத் தெரியும். பட்டையில் பொட்டு வைத்த மாதிரி சின்னச் சின்ன விளக்குகள். ஒவ்வொன்றின் தலையிலும் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குமிழ். அடியில் பளீரென்ற வெள்ளைத் தாள். முன்பக்கம் வெளிச்சத்தைப் பரப்பிவிடுவதற்கு இரண்டு மூன்று படலங்கள். இவ்வளவும் தாண்டித்தான் பேனல். முப்பது வருஷத்துக்கு மேல் செட்டுகளைப் பிரித்துப் போட்டும், எனக்கு இன்னும் சலிக்காத காட்சி இது.

படம் எப்படி வருகிறது? பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. முன்னால் இருக்கிற பேனலில், 4கே என்றால் சுமார் 83 லட்சம் ஜன்னல்கள். வெளிச்சம் வேண்டிய இடத்தில் ஜன்னல் திறக்கும், இருட்டு வேண்டிய இடத்தில் மூடும். மதியம் ரெண்டு மணிக்கு வீட்டு ஜன்னலைச் சாத்திப் பாருங்கள், இடுக்கு வழியாக வெயில் கோடு போட்டு உள்ளே விழும். அதேதான் இங்கேயும். ஜன்னல் எவ்வளவு இறுக்கமாக மூடுகிறதோ, அவ்வளவுக்குக் கறுப்பு கிடைக்கும். முகத்தின் மேடு பள்ளம், பட்டுச் சேலையின் மடிப்பு, மழைக்கால மேகம், எல்லாமே கறுப்பின் மேல் நிற்கிறவை. கறுப்பு வெளுத்துவிட்டால் மற்ற நிறங்களும் சோகை பிடித்தாற்போல் ஆகிவிடும்.

இந்த ஜன்னலில் இரண்டு சாதி உண்டு. விஏ பேனல் இறுக்கமாக மூடும், கறுப்பு நன்றாக இருக்கும். ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனல் எங்கே உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி தெரியும், இருட்டில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். கட்டிலில் இரண்டு பேர், ஊஞ்சலில் ஒருவர், அடுப்படி வாசலில் ஒருவர் என்று சிதறி உட்காருகிற குடும்பமா, எதிரே சோபாவில் நேராக உட்கார்ந்து பார்க்கிற குடும்பமா என்று முதலில் யோசியுங்கள். ஓஎல்இடி என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும், கறுப்பு அமாவாசை மாதிரி இருக்கும். ஆனால் விலை நம் பக்கம் வராது. க்யூஎல்இடி என்பதை அதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெயர் ஒரே மாதிரி காதில் விழுந்தாலும் க்யூஎல்இடி சாதாரண எல்சிடிதான். பின்விளக்குக்கு முன்னால் ஒரு படலம் கூடுதல், நிறம் நன்றாக வரும். கறுப்புக்கும் அந்தப் படலத்துக்கும் சம்பந்தமில்லை.

கண்டக்டரிடம் ஒரு பென்டிரைவ் கொடுத்து அனுப்பினேன். அதில் இரண்டே துண்டுகள்தான். ஒன்று, ராத்திரித் தெருவில் ஒருவர் நடந்து போகிற காட்சி. இன்னொன்று, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. “கடைப் பையன்கிட்ட சொல்லி விவிட் மோடை எடுத்துட்டு சினிமா மோடுல போடச் சொல்லுங்க. எழுத்தைச் சுத்திப் புகை மாதிரி வெளிச்சம் படருதான்னு பாருங்க. நாலு மூலையிலயும் வெளிச்சம் கசியுதான்னு பாருங்க. அப்புறம் நாலடி தள்ளிப் பக்கவாட்டுல நில்லுங்க” என்றேன். நீங்களும் இதைச் செய்யலாம். பென்டிரைவ் போட விடமாட்டேன் என்று ஒரு கடையில் சொன்னால், அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கும்.

பின்விளக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். என் பட்டறைக்கு வருகிற செட்டில் பெரும்பாலும் ஒரே புகார்தான்: “சத்தம் வருது, படம் வரல.” உடனே நான் டார்ச்சை எடுத்துத் திரையின் மேல் சாய்வாக அடிப்பேன். உள்ளே மங்கலாகச் செய்தி வாசிப்பவர் முகம் தெரியும். படம் இருக்கிறது, விளக்குதான் போய்விட்டது. விளக்குகளை மாலை கோத்த மாதிரி தொடர்ச்சியாக இணைத்திருப்பார்கள். ஒன்று போனால் வரிசையே அணையும். ஏன் போகிறது? விலையைக் குறைக்கிறேன் என்று விளக்கின் எண்ணிக்கையைக் குறைப்பார்கள். குறைந்த விளக்கில் அதே வெளிச்சம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் கூடுதலாக எரிக்க வேண்டும். நாமும் கடையில் வைத்த அமைப்பை மாற்றாமல், பின்விளக்கை, அதாவது பேக்லைட்டை, 100-ல் வைத்துக் காலை பக்திப் பாடல் முதல் ராத்திரி சீரியல் வரை ஓட்டுவோம். சூடு தாங்காமல் விளக்கு கருகும். பட்டை மாற்றுவது ஓரளவு செலவோடு போகும். கழற்றும்போது பேனலில் விரிசல் விழுந்துவிட்டால் பாதி டிவி விலைக்கு மேல் போய்விடும்.

பேனல் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஆயுத பூஜை முடிந்த வாரம் எனக்கு வேலை அதிகம். ஈரத்துணியால் டிவியைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்திருப்பார்கள். துணியில் இருந்த தண்ணீர் திரையில் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும். அங்கேதான் பேனலோடு ஒட்டிய மெல்லிய நாடாக்கள் இருக்கின்றன. மறுநாள் காலையில் திரையில் மேலிருந்து கீழே கோடு. உலர்ந்த துணி போதும் தாய்மார்களே. சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நேரம் ஓடுகிறது, மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அளவு என்பது மூலைக்கு மூலை. 43 இஞ்ச் என்றால் அகலம் மூன்றடிக்குச் சற்று மேல், 55 என்றால் நாலடி. பழைய ஷோகேஸுக்குள் நுழையுமா என்று செய்தித்தாளை வெட்டி ஒட்டிப் பாருங்கள். ஆறேழு அடியிலிருந்து பார்ப்பவருக்கு 43 தாராளம். சாதாரணக் கேபிள் சேனல் 576 வரிதான் தருகிறது. அதை 4கே திரையில் இழுத்தால் மங்கத்தான் செய்யும், டிவியைத் திட்டாதீர்கள், எச்டி பாக்ஸ் கேளுங்கள். மலிவு செட்டில் எச்டிஆர் என்ற ஸ்டிக்கரை நம்பிக் காசு கூட்டாதீர்கள். அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டுகிற அளவுக்கு வெளிச்சம் இருக்காது. ராம் 2 ஜிபியாவது இருக்கட்டும். சவுண்ட்பார் பின்னால் வாங்க நினைத்தால் எச்டிஎம்ஐ ஏஆர்சி இருக்கிறதா என்று பாருங்கள். இடி மின்னலில் பிளக்கோடு கேபிள் ஒயரையும் கழற்றுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாரண்டி பேனலுக்கும் சேர்த்தா, உங்கள் ஊரில் சர்வீஸ் ஆள் உண்டா என்று கேளுங்கள்.

கண்டக்டர் 55-ஐ விட்டுவிட்டு, வெளிச்சம் கசியாத 43 வாங்கினார். பென்டிரைவைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, “அண்ணாச்சி, அந்த ராத்திரித் தெருவில ஒரு நாய் படுத்திருக்கு. ரெண்டு கடையில எனக்குத் தெரியவே இல்ல” என்றார். நானே அதுவரை அந்த நாயைக் கவனித்ததில்லை.

இருட்டைப் பாருங்கள், பக்கவாட்டில் நின்று பாருங்கள், சர்வீஸைக் கேளுங்கள். இவ்வளவுதான் என் பேச்சு. வாங்கப் போகிறவர்களுக்கு நல்ல செட் அமையட்டும். ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்று ராத்திரியே செட்டிங்ஸில் போய் பேக்லைட் எண்ணைப் பாருங்கள். 100-ல் இருந்தால் 50-க்கு இறக்குங்கள். ரெண்டு நாளில் கண் பழகிவிடும், விளக்கும் இன்னும் சில வருஷம் உழைக்கும்.